சால்வையின் பின்பக்கம்

மேடைக்கு மேடை பொன்னாடை போர்த்தும் ஊர் நம்முடையது. வள்ளியூரில் ஒரு மாலைக் கூட்டம் முடிவதற்குள் சிறப்பு விருந்தினர் தோளில் நாலைந்து சால்வை ஏறிவிடும். அவற்றில் ஒன்றையாவது திருப்பிப் பார்ப்பவர் அரிது. ஆனால் துணியின் தரத்தைச் சரிகைக் கரையைவிடப் பின்பக்கமே சரியாகச் சொல்லும். பூ எவ்வளவு பழையது, எந்த அரசர் காலத்தது என்று பெருமை பேசிப் பயனில்லை. பூக்கள் ஊர்விட்டு ஊர் போகும். ஆள் மாற மாற உருவமும் மாறும். அந்தப் பூவைத் துணிக்குள் கொண்டுவரும் கைமுறைதான் ஒரு மரபை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

காஷ்மீரத்துக் கானி சால்வையைப் பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டில் அதன் முந்தியில் வேரோடு நின்றது ஒற்றைப் பூச்செடி. அடுத்த நூற்றாண்டில் அது பூங்கொத்தாகத் திரண்டு மாங்காய் ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த மாங்காய் நீண்டு வளைந்து சால்வை முழுவதையும் பிடித்துக்கொண்டது. உருவம் இத்தனை மாறியும் நெசவு மாறவில்லை. ஒவ்வொரு நிற ஊடைநூலும் ஒரு சிறு மரக்குச்சியில் சுற்றியிருக்கும். எத்தனை பாவிழைக்கு எந்த நிறம் என்பதைத் ‘தாலீம்’ என்ற குறிப்பு சொல்லும். நிறம் முடியும் இடத்தில் நூலைத் திருப்பிப் பக்கத்து நிறத்தோடு கோத்துவிடுவார்கள். அந்தக் கோப்பு பின்பக்கத்தில் மெல்லிய வரப்பாகத் தட்டுப்படும். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தார் இதே மாங்காயை நெய்தார்கள். 1804-இல் பிரான்சில் உருவான ஜக்கார்டு என்ற தறிக்கருவி, துளையிட்ட அட்டைகளால் அவர்களுக்குக் கைகொடுத்தது. அங்கே வண்ணநூல் கரைக்குக் கரை ஓடும். பூவில் சேராத இடமெல்லாம் பின்னால் தொங்கும். நெய்தபின் அதைக் கத்தரித்துவிடுவார்கள். முன்னால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். இதில் வேடிக்கை, அந்த மாங்காயையே இன்று உலகம் ‘பெய்ஸ்லி’ என்கிறது!

பின்பக்கம் எது என்பதையும் மரபுதான் முடிவு செய்கிறது. நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளி நெய்த பூவன்று, ஊசிப்பூ. வெள்ளைப் பருத்தித் துணியில் கோடு வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் சிவப்பும் கறுப்புமாய்த் தைக்கிறார்கள். நூல் புடைத்துச் சொரசொரப்பாக இருக்கும் பக்கத்தை நாம் பின்பக்கம் என்போம். அவர்களுக்கு அதுவே முகம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் போர்வையைக் கானியின் அளவுகோலால் அளக்க முடியாது.

‘மலிவாகக் கிடைப்பதில் என்ன குற்றம்? ஏழையும் பூப்போட்ட சால்வை போர்த்தட்டுமே’ என்று கேட்கலாம். நியாயம்தான், விசைத்தறி வந்ததால் பலருக்கு நல்ல துணி எட்டியது. ஆனால் நகல் எடுத்தவர்கள் நிலைத்தார்களா? 1870-71 பிரஷ்யப் போரை ஒட்டி பிரெஞ்சுச் சந்தை சரிந்தது. சால்வை போர்த்தும் மோகமும் ஓய்ந்தது. பெய்ஸ்லியின் சால்வைத் தறிகள் ஓய்ந்துபோயின. காஷ்மீரமும் பலமாக அடிபட்டது; என்றாலும் கானிஹாமா கிராமத்தில் இன்றும் குச்சிகளை வைத்து நெய்கிறார்கள். மாங்காய் பிழைத்ததில் வியப்பில்லை, கைமுறை பிழைத்ததே பெரிது.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பு வீரவநல்லூர். அங்குள்ள சௌராஷ்டிர நெசவாளர்கள் செடிபுட்டாச் சேலை நெய்கிறார்கள். பட்டும் பருத்தியும் கலந்த துணியில் செடியும் பூவும் தறியிலேயே கையால் ஏறுகின்றன. பார்ப்பவர் ஊசிவேலை என்றே நினைப்பார்கள். 2023-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைத்தான் காக்கும், கூலியைக் காக்காது. சேலைக்குப் பூப்போடத் தெரிந்த கைக்குத் தோள்துணியில் பூப்போடுவது பெரிய காரியமில்லை. மேடையில் பத்துப் பேருக்குப் பத்துப் பளபளப்பு என்ற வழக்கத்தைக் குறைத்து, ஒருவருக்கு மட்டும் ஒன்று என்று விழாக் குழுக்கள் அங்கே சொல்லி நெய்து வாங்கலாம். விலை கூடத்தான் செய்யும். பத்துச் சால்வைக்கான காசைக் கணக்குப் பார்த்தால் அது கட்டுபடியாகும்.