பழைய டபுள் கெப்பில் ஏசித் தண்ணீர்: ஒரு முழம் தங்கூசி போதும்

கெலிஓயாவில் ஏசி எதற்கு என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்து ஊர், கண்ணாடியை இறக்கினால் காற்று தானாக வரும். ஆனால் அடைமழையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று நுவரெலியாவுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஏசியைப் போடாவிட்டால் முன்கண்ணாடியில் ஆவி படிந்து பாதையே தெரியாது. மலைநாட்டு வண்டிகளில் ஏசிக்கு முதல் வேலை ஈரத்தை உறிஞ்சுவதுதான். வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக இதை வடிவமைத்ததும் அதற்காகத்தான். காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்க, அச்சு வர்ணங்கள் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தன.

உறிஞ்சிய ஈரம் எங்காவது போக வேண்டுமே. 28 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். அதை 5 பாகைக்குக் குளிரவைத்தால் 7 கிராம்தான் தங்கும். மிச்சம் 15 கிராம் தண்ணீராகிக் கூலிங் கொயிலில் வழியும். கணக்குப்படி 100 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே போனால் ஒன்றரை லீட்டர். இத்தனையும் வெளியேறுவது விரல் தடிப்புள்ள ஒரேயொரு இறப்பர் குழாய் வழியாக.

நான் பழுது பார்த்தது 20 வயது தாண்டிய ஜப்பானிய டீசல் டபுள் கெப். வளைவில் திருப்பினால் டேஷ்போட்டுக்குள் தண்ணீர் தளம்பும் சத்தம். முன் இடப்பக்க இருக்கையில் ஏறுகிறவரின் செருப்பு நனையும். ஏசியைப் போட்டதும் ஊறவைத்த சாக்கு நாற்றம். அதைவிட முக்கியமான அறிகுறி, ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எந்த கராஜுக்குப் போனாலும் முதலில் வரும் பேச்சு "கேஸ் அடிச்சுப் பார்ப்பம்" என்பதுதான். கேஸுக்கும் கால் நனைவதற்கும் சம்பந்தமே இல்லை.

இருந்தாலும் கீழே படுக்குமுன் வேறு இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கார்பட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக, நிறத்தோடு, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். அதற்கு மருத்துவம் வேறு. மழை பெய்த மறுநாள் மட்டும் நனைகிறதென்றால் கதவு இறப்பரையோ முன்கண்ணாடி ஓரத்தையோ பார்க்கவேண்டும். வெயில் நாளில் ஏசி போட்டு ஓட்டியும் நனைந்தால்தான் குற்றவாளி ட்ரெயின் குழாய்.

அடைப்பு ஏன் வருகிறது? அந்தக் காலத்து டபுள் கெப்கள் பலவற்றில் ஏசிக் காற்றுக்கு ஃபில்டர் கிடையாது. வைப்பருக்குக் கீழேயுள்ள சல்லடை வழியாக வருவதெல்லாம் நேரே கொயிலுக்குத்தான். மாரா மரத்தடியில் நிறுத்திய வண்டியின் சல்லடையைத் திறந்து பாருங்கள், அந்தப் பொடி இலைகள் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். தூசும் இலையும் ஈரத்தில் ஊறிக் களியாகிக் குழாயில் இறங்கும். கீழ்முனையில் தோட்டப் பாதைச் சேறு அப்பும். இரண்டும் இல்லாவிட்டால் குளவி வரும். மண் கூடு கட்ட அதற்கு இதைவிட நல்ல ஓட்டை கிடைக்காது.

இனி, கையில் எடுத்துப் பார்த்த ஆயுதங்கள். டயர் கடைக் கொம்பிரசரைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் முரட்டு வேலை. கீழிருந்து முழு அழுத்தத்தில் அடித்தால் களி முழுவதும் மேலே பறந்து கொயிலிலும் புளோவரிலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே குழாய் பொருத்தியிருக்கும் இடம் கழன்றுவிட்டால் டேஷ்போட்டையே இறக்க வேண்டி வரும். குடைக்கம்பி, சைக்கிள் ஸ்போக் போன்றவற்றை நான் தொடுவதேயில்லை. கொயில் மெல்லிய அலுமினியம், ஒரு குத்துக்கு முழு கேஸும் போய்விடும். போத்தலில் விற்கும் நுரை ஸ்பிரே நாற்றத்துக்கு நல்லது, அடைப்புக்கு அல்ல. குழாய் அடைத்திருக்கையில் அதை அடித்தால் நுரையும் சேர்ந்து கார்பட்டுக்குத்தான் வரும்.

வென்றது புல்வெட்டி மெஷினுக்குப் போடும் தங்கூசி. 2.4 மில்லிமீட்டர் தடிப்பு, ஹார்ட்வெயார் கடையில் முழக்கணக்கில் வெட்டித் தருவார்கள். வளையும், ஆனால் மடங்காது. குத்தினாலும் கொயிலைத் துளைக்காது. நுனியை லைட்டரில் லேசாக உருக்கி உருட்டிக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, இடப்பக்கம் எஞ்சினுக்கும் கெபினுக்கும் நடுவேயுள்ள தகட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வளைந்த சிறு இறப்பர் குழாய் தெரியும். டபுள் கெப்பின் உயரத்துக்குப் பெரும்பாலும் ஜெக் தேவைப்படாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை நேர் கீழே வைக்காமல், தங்கூசியைத் திருகித் திருகி மெதுவாக மேலே விடவேண்டும். தடை வந்ததும் நிறுத்துங்கள். அடைப்பு விட்டால் தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டும், முழங்கை வரை நனைந்துவிடும். அதன்பிறகு சைக்கிள் பம்பால் மெல்ல இரண்டு அடி, மீதிக் களியும் இறங்கும். குழாய் நுனியில் வாத்து அலகு போன்ற இறப்பர் இருந்தால் வெட்டி எறியாதீர்கள். குளவியைத் தடுப்பது அதுதான். கழுவித் திரும்ப மாட்டுங்கள்.

ஏசியை முழுக் குளிரில் கால் மணி நேரம் ஓடவிட்டபோது கீழே சீராகச் சொட்டியது. அதோடு வேலை முடிந்ததென்று எழுந்துவிடக் கூடாது. கார்பட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு நிறையத் தண்ணீர் வைத்திருக்கும். அதைக் கிளப்பி வெயிலில் போடாவிட்டால் கீழ்த்தகடு துருப்பிடிக்கும். பல வண்டிகளில் எஞ்சின் கணினிப் பெட்டியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் புதியதைத் தொட எல்லோராலும் முடியவில்லை. ஓடுகிற கெப்பின் தகட்டைத் துருவுக்குக் கொடுக்க இது காலமல்ல.

கொம்பிரசருக்கு பத்தில் ஐந்து புள்ளி, ஸ்பிரேக்கு மூன்று, தங்கூசிக்கு ஒன்பது. ஒரு புள்ளி குறைத்தது, குழாய்க்கு மேலே கொயிலில் ஒட்டிய அழுக்கை அதனால் எடுக்க முடியாது என்பதற்காக. அதற்குக் குளோ பொக்ஸைக் கழற்றித்தான் ஆகவேண்டும். மற்றபடி, ஏசி ஓடும் வண்டியின் அடியை இன்றைக்கே ஒருமுறை குனிந்து பாருங்கள். சொட்டவில்லையென்றால் கேஸ் அடிக்கக் காசு கொடுக்குமுன் ஹார்ட்வெயார் கடைக்குப் போய்வாருங்கள்.