பேசும் நிறுவனங்கள் கணக்கும் காட்டட்டும்

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 1973-இல் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்புக்குத் தந்திருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பு அத்துடன் முடிந்தது; தடை விதிப்பதா வேண்டாமா என்பது மாநிலங்களின் கைக்குப் போனது. அன்றே டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம், இந்தச் சிகிச்சைக்காக வேறு மாநிலம் செல்ல நேரும் ஊழியருக்கு 4,000 டாலர் வரை பயணச் செலவு தருவதாக அறிவித்தது. டிஸ்னி, மெட்டா, ஜேபி மார்கன் போன்றவையும் அவ்வழியே வந்தன. வியாபாரிகளுக்கு இதில் என்ன வேலை என்று ஒரு சாரார் கேட்டார்கள். வாயால் சொன்னால் போதுமா என்று மறு சாரார் கேட்டார்கள்.

இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. என் நிலை இது: தன் கையில் இருக்கும் அதிகாரம் தொடர்பாக ஒரு நிறுவனம் பேசியே ஆக வேண்டும். அந்தப் பேச்சின் தரத்தை அதன் பணமும் நடத்தையுமே சொல்ல வேண்டும்.

ஒதுங்கி நிற்பதே நேர்மை என்பவர்கள் ஓர் அடிப்படை உண்மையைக் கவனிப்பதில்லை. அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருத்துவக் காப்பீடு வேலை தரும் நிறுவனம் வழியாகவே கிடைக்கிறது. எந்தச் சிகிச்சைக்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்று தீர்மானிப்பதில் முதலாளிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அங்கே மௌனமும் ஒரு முடிவுதான். கைவினைப் பொருள் கடைகள் நடத்தும் ஹாபி லாபி இதை வெளிப்படையாகவே காட்டியது. நான்கு வகைக் கருத்தடை முறைகளுக்குக் காப்பீடு தருவது உரிமையாளர்களின் மத நம்பிக்கைக்கு முரண் என்று வாதாடி, 2014-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது.

பேச வேண்டிய இடத்தில் பேசியதற்கு நல்ல சான்று 2021 செப்டம்பரில் கிடைத்தது. டெக்சாஸின் புதிய சட்டம், தான் தடைசெய்த கருக்கலைப்புக்கு உதவியவர் எவர் மீதும் யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுத்துக் குறைந்தது 10,000 டாலர் கேட்கலாம் என்றது. ஒரு பெண்ணை மருத்துவமனையில் இறக்கிவிட்ட டாக்சி ஓட்டுநர்கூட இதில் மாட்டிக்கொள்ளலாம். தங்கள் ஓட்டுநர்கள் மீது இப்படி வழக்கு வந்தால் செலவை ஏற்போம் என்று ஊபரும் லிஃப்டும் அறிவித்தன. ஆபத்து அவர்களின் அன்றாடத் தொழிலுக்குள்ளேயே வந்திருந்தது. அதைத் தாங்கும் வலிமை தனி ஓட்டுநரிடம் இல்லை, நிறுவனத்திடம் இருந்தது. அந்தப் பேச்சு பொறுப்பிலிருந்து வந்தது.

பயண உதவித் திட்டங்களின் பலமும் இதுவே. வெளிமாநிலப் பயணத்துக்குப் பணமில்லாத ஊழியருக்கு 4,000 டாலர் உண்மையான உதவி. எதிர்ப்பையும் மீறித்தான் அது வந்தது. சிட்டிகுரூப் இத்தகைய உதவியை 2022 மார்ச்சில் வெளியிட்டதும், நகராட்சிக் கடன் பத்திர வணிகத்திலிருந்து அந்த வங்கியை விலக்கச் சட்டம் கொண்டுவருவேன் என்று டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மிரட்டினார்.

ஆனால் குறைகள் சிறியவை அல்ல. முதற்குறை, உதவி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது. அமேசானின் 4,000 டாலர் திட்டம் அதன் காப்பீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கு உரியது. அதன் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் ஒப்பந்த ஓட்டுநர்கள் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. சம்பளம் குறைந்த, விடுப்பு எடுக்க முடியாத, காப்பீடே இல்லாத பெண்ணுக்குத்தான் பயணம் மிகக் கடினம். அவளுக்கு இந்த அறிக்கைகளில் ஒரு வரியும் இல்லை. கிடைப்பவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு: தன் உடலின் மிக அந்தரங்கமான முடிவு நிறுவனக் கோப்பு எதிலாவது பதிவாகிவிடுமோ என்ற அச்சம்.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. சொந்தத் தொழிலின் உள்ளே நடப்பதை அறிக்கை மறைத்துவிடலாம். முகநூலை நடத்தும் மெட்டா பயணச் செலவு தர முன்வந்தது. அதே சமயம் அலுவலக உரையாடல் தளத்தில் கருக்கலைப்பு பற்றிப் பேச ஊழியர்களுக்குத் தடை விதித்தது. 2022-இல் நெப்ராஸ்காவில் ஒரு தாயும் மகளும் முகநூலில் பரிமாறிய செய்திகளை நீதிமன்ற ஆணையின் பேரில் காவல்துறையிடம் கொடுத்தது. அவை கருக்கலைப்பு வழக்கில் சான்றாயின. ஆணையில் கருக்கலைப்பு பற்றிய குறிப்பே இல்லை என்று மெட்டா விளக்கியது. அது உண்மையாகவே இருக்கட்டும். தனிப்பட்ட உரையாடல்கள் நிறுவனமே படிக்கக்கூடிய வடிவில் அதன் கிடங்கில் இருந்தன என்பதுதான் சிக்கல். கருக்கலைப்பு மருத்துவமனைகளுக்குச் சென்றுவந்த இடக் குறிப்புகளை அழித்துவிடுவோம் என்று கூகுள் 2022 ஜூலையில் சொன்னது. நிறைவேற்றினால், பெண்களுக்கு எந்தப் பிரகடனத்தையும்விடப் பயன்படுவது அத்தகைய செயல்தான்.

மூன்றாவது, தேர்தல் நன்கொடை. பெண் ஊழியர்களுக்கு ஆதரவாக அறிக்கை விட்ட பெருநிறுவனங்கள் சிலவற்றின் அரசியல் நிதி, தடைச் சட்டங்களை ஆதரித்தவர்களுக்கும் போயிருக்கிறது. வரிச் சலுகைக்காகக் கொடுத்தோம் என்பது விளக்கமாகலாம், விடுதலையாகாது. அந்தப் பணத்தில் வென்றவர் இடும் வாக்கு வரியோடு நிற்பதில்லை.

நிறுவனங்களின் மனசாட்சியிடம் ஓர் உரிமையை ஒப்படைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. இன்று உதவும் மனசாட்சி நாளை ஹாபி லாபியின் மனசாட்சியாக மாறலாம். உரிமையைக் காக்கும் நிலையான வழி மக்களின் வாக்கே. பழைமைவாத மாநிலம் என்று பெயரெடுத்த கான்சாஸில், 2022 ஆகஸ்ட் 2 அன்று, மாநில அரசியல் சட்டத்திலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்கும் முன்மொழிவை 59 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். அந்த முடிவுக்கு எந்தத் தலைமைச் செயல் அதிகாரியின் கையொப்பமும் தேவைப்படவில்லை.

எனவே நிறுவனங்களின் வாயை அடைக்க வேண்டாம். பேசும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் மூன்று கணக்குகளைக் கேட்போம்: ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட யார் யாருக்கு இந்த உதவி உண்டு? வாடிக்கையாளர் பற்றிய எந்தத் தகவலைச் சேமிக்கிறீர்கள், எப்போது அழிக்கிறீர்கள்? யாருக்கு எவ்வளவு அரசியல் நன்கொடை கொடுத்தீர்கள்? இவற்றுக்கு விடை தரும் நிறுவனத்தின் குரலை மதிப்போம். விடை தராததன் அறிக்கையை விளம்பரச் செலவில் சேர்ப்போம்.