17க்கும் 25க்கும் நடுவே

சயாம் - பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று ஒன்றாகச் சேர்ந்தன. திறப்பு விழா அக்டோபர் 25. இந்த இடைவெளிக்குள், அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூர் காத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மறுநாள் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் ஜான்சி ராணி படையின் முகாம் தொடங்கியது. எல்லாம் புத்தகங்களில் உள்ள தேதிகள்தான். ஆனால் இவை ஒரே பக்கத்தில் அச்சாகி நான் பார்த்ததில்லை. ரயில் ஒரு புத்தகத்தில் ஓடும். ராணுவம் இன்னொரு புத்தகத்தில் நடக்கும்.

இதை யோசிக்க வைத்தது ஒரு பிலிப்பினோ நண்பர். என்னோடு வேலை செய்பவர். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மணிலாவிலிருந்து கவித்தே மாநிலத்துக்கு ஒரு நாள் பயணமாகப் போய் வந்திருக்கிறார். அவர்களுடைய 1896 புரட்சி நடந்த இடங்கள். கவிட் என்ற ஊரில் அகினால்டோவின் வீடு. 1898 ஜூன் 12 அன்று ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்த இடம். அங்கிருந்து வண்டி மரகோண்டோனுக்குப் போகும். அங்கே ஒரு பழைய வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. புரட்சி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவைப் புரட்சிக்காரர்களே விசாரித்து மரண தண்டனை விதித்த வீடு. 1897 மே 10 அன்று அவரையும் அவருடைய தம்பியையும் சுட்டுக் கொன்றார்கள். முதலில் தண்டனையை நாடுகடத்தலாகக் குறைத்து, பிறகு அந்தக் குறைப்பைத் திரும்பப் பெற்றவர் அதே அகினால்டோ. காலையில் அவருடைய வீட்டு மாடியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள், மத்தியானம் அவர் கையெழுத்தால் என்ன ஆனது என்று பார்க்கிறீர்கள். நண்பருக்கு இதில் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளையே அழைத்துப் போவார்களாம்.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நம்முடைய மரகோண்டோன் எங்கே?

லாபிஸிலிருந்து அதிகாலையில் கிளம்பி யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறினால் ஜோகூர் பாரு. லார்க்கினிலிருந்து 170 பஸ், பாலம், பிறகு குவீன் ஸ்ட்ரீட். அங்கே இறங்கினால் நம் ஆட்கள் தொடர்பான இடங்களையெல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். யாரும் வகுத்த சுற்றுலா வழி அல்ல, நானே தேதிகளை வைத்துப் போட்டுக்கொண்டது. வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் நேரம் செலவாகாது. காத்தே கட்டடத்தில் 1939இல் கட்டிய முகப்பு மட்டும்தான் மிச்சம். பின்னால் இருந்ததை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். தற்காலிக அரசாங்கத்தை அறிவித்த இடத்துக்கு முகப்பு மட்டும் மிஞ்சியது பொருத்தம்தான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பாடாங், 1943 ஜூலை 5 அன்று டெல்லி சலோ முழங்கிய திடல். நான் போன அன்று வெறும் புல்வெளி.

நிற்க வேண்டிய இடம் எஸ்பிளனேட் பூங்கா. இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் தெரியாத வீரனுக்காக ஒரு நினைவுச் சின்னம் கட்ட 1945 ஜூலை 8 அன்று போஸ் அங்கே அடிக்கல் நாட்டினார். ராணுவம் தோற்றுப் பின்வாங்கிவிட்ட நேரம் அது. கர்னல் சிரில் ஸ்ட்ரேசி பொறுப்பேற்று அவசரமாகக் கட்டி முடித்தார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அடிக்கல்லிலிருந்து வெடி வரைக்குமே இரண்டு மாதம்தான். அவ்வளவு பச்சையான ஒரு கட்டடத்துக்கு ஒரு பேரரசு பயந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கும் ரத்தம் சூடானது, மறுக்கவில்லை.

ஆனால் அதில் பொறித்திருந்த சொற்கள்: இத்திஃபாக், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். மலாயாவில் சேர்ந்த ஆயிரக்கணக்கான பொதுமக்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அந்த வீரனின் பெயர்தான் தெரியாது, மொழியுமா தெரியாமல் போனது?

இப்போது அங்கே இருப்பது 1995இல் வைத்த அடையாளப் பலகை, திறந்த புத்தக வடிவத்தில். இதில் தமிழும் இருக்கிறது. அடிக்கல், இடிப்பு எல்லாம் சரியாகச் சொல்கிறது. தோட்டத்தைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதே பூங்காவில் லிம் போ செங் நினைவகம் இருக்கிறது. ஜப்பானியரை எதிர்த்து ஃபோர்ஸ் 136இல் வேலை செய்து, பிடிபட்டு, 1944இல் பத்து காஜா சிறையில் இறந்தவர். ஜப்பானோடு கைகோத்தவர்களுக்கும் ஜப்பானிடம் செத்தவருக்கும் ஒரே பூங்கா. இரண்டையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் ஏன் இப்படி என்று கேட்கும் ஒரு வரி எங்கும் இல்லை. பிலிப்பைன்ஸிலும் இந்தச் சிக்கல் உண்டு. புரட்சித் தளபதி ரிகார்த்தே அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து யோகோஹாமாவில் அகதியாக வாழ்ந்தவர். கடைசியில் ஜப்பானியரோடுதான் ஊர் திரும்பினார். வீரனா துரோகியா என்று ஒரே வரியில் அவரை முடிக்க முடியாது.

நம் சிக்கல் இன்னும் நெருக்கமானது. போஸுக்குக் கைகொடுத்த அதே ஜப்பான்தான் அதே தோட்டங்களிலிருந்து தமிழர்களை 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு இழுத்துப் போனது. அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள். நம் ஆட்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் கிடையாது.

என் பாட்டி வீட்டில் இது கட்டுரைப் பொருளாக இருந்ததில்லை. அவருடைய அப்பா பட்டாளத்துக்குப் போனவர். அப்பாவின் தம்பி சயாமுக்குப் போனவர். பாட்டி சொல்வது இப்படி: "ரயிலுக்கு ஆளு புடிக்க வர்றானுங்கன்னு தெரிஞ்சதும் எங்கப்பா பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டாராம்யா. சித்தப்பா கெழங்கு நட்டுக்கிட்டு இருந்தாரு, அங்கேருந்தே லாரியில ஏத்திட்டானுங்க." தேசபக்தியா உயிர்ப் பயமா என்று கேட்டால் பாட்டி சிரிப்பார். "ரெண்டுந்தான்." அந்த வீட்டுச் சுவரில் நேதாஜி படம் மாட்டியிருந்தது. சித்தப்பாவுக்குப் படம் எடுக்க யார் இருந்தார்கள்?

"ரெண்டுந்தான்" என்ற அந்தப் பதிலை நம் இலக்கியம் எவ்வளவு தூரம் தாங்கியிருக்கிறது? அ. ரெங்கசாமி ரயிலுக்கு 'நினைவுச் சின்னம்' எழுதினார், ராணுவத்துக்கு 'இமையத் தியாகம்' எழுதினார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. இவர்கள் எழுதாவிட்டால் நமக்கு இந்த அளவு நினைவும் மிஞ்சியிருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரே எழுத்தாளரின் கையிலேயே இந்த இரண்டும் இரண்டு நாவல்களாகப் பிரிந்ததைக் கவனியுங்கள். ஒன்றில் துயரம், இன்னொன்றில் தியாகம். தலைப்புகளே அலமாரியைப் பிரித்துக்கொடுத்துவிடுகின்றன.

ப. சிங்காரம் வேறு மாதிரி. 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா ராணுவத்தில் இருந்துவிட்டுப் பினாங்கு திரும்புகிறான். முதலாளி மகளைத் தர மறுக்கிறார். துப்பாக்கி தூக்கியவன் வட்டிக்கடைக்கு ஆக மாட்டான். அவ்வளவுதான் விஷயம். கொடி, முழக்கம், தியாகம் எல்லாம் முடிந்தபின் ஒருவன் கல்லாப்பெட்டி முன்னால் வந்து நிற்கிறான். 'புயலிலே ஒரு தோணி' இதைவிடப் பெரிய நாவல், ஆனால் எனக்கு இந்தச் சின்ன அவமானம்தான் அதிகம் உறைக்கிறது. சிங்காரத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய மலாயா கடைத்தெருவில் இருக்கிறது. லயத்துக்குள் அவர் வரவில்லை. மேடானிலும் பினாங்கிலும் வேலை பார்த்தவர், தெரிந்ததை எழுதினார், அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லயத்திலிருந்து வந்தவர்கள் நாம்தானே எழுத வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் நேதாஜி பிறந்தநாளில் படத்துக்கு மாலை போட்டு எழுதும் கட்டுரைகள் எனக்குச் சலித்துவிட்டன. அவரை ஜப்பானியக் கைப்பாவை என்று ஒரே வரியில் தள்ளும் பதிவுகளும் சோம்பேறித்தனம்தான். 1942 டிசம்பரிலேயே, முதல் ராணுவத்தை உருவாக்கிய மோகன் சிங் ஜப்பானியரோடு முரண்பட்டுக் கைதானார். ஆக இந்த உறவு எப்படிப்பட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அடுத்த ஆண்டு அத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதில்தான் நாவல் இருக்கிறது. கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவனுக்கு முதல் முறையாக ஒரு சீருடை, ஒரு ரேங்க். தோட்டத்துப் பெண்கள் கையிலும் துப்பாக்கி. அந்த மரியாதை பொய்யில்லை. அதைக் கொடுத்தவர்களின் கூட்டாளிதான் அவனுடைய தம்பியைப் பிடித்துப் போனவன் என்பதும் பொய்யில்லை.

நான் வாசிக்க விரும்பும் நாவல் அந்த எட்டு நாளில் நடக்கிறது. 21ஆம் தேதி காத்தே அரங்கு வாசலில் ஒருவன் காவலுக்கு நிற்கிறான். உள்ளே கைதட்டல் கேட்கிறது. தம்பியிடமிருந்து தகவல் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பாதை முடிந்துவிட்டதாம், இனி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம் என்று பக்கத்தில் நிற்பவன் சொல்கிறான்.