எச்சமாக நின்ற கடல்வழி

அமெரிக்க நாட்டில் அடிமைத்தளையினின்று தப்பியோர் எழுதிய தன்வரலாறுகள் ஒரு தனி இலக்கிய வகையாகக் கருதத்தக்கன. அவற்றுள் பெரிதும் போற்றப்பெறுவது 1845ஆம் ஆண்டில் பிரெடரிக் டக்ளஸ் வெளியிட்ட நூலாகும். தம் பெயர், தாம் பிறந்த மேரிலாந்து மாநிலம், தம்மை உடைமையாகக் கொண்டோர் பெயர், தம்மை அடித்தோர் பெயர் ஆகிய அனைத்தையும் அவர் மறையாது கூறுகின்றார். ஆயினும், நூல் எதனை நோக்கி வளர்கின்றதோ அதனை, அதாவது 1838இல் தாம் தப்பிய வழியை, மட்டும் கூறாது விடுகின்றார். இது நூலின் குறையா அன்றா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக எச்சத்தை வைத்தார். கூறிய அளவில் பொருள் முற்றாது, பின்னர்ச் சொல்லாலோ குறிப்பாலோ கொண்டு முடிக்குமாறு நிற்பது எச்சம். செய்யுளுக்கு உரைத்த இலக்கணத்தைப் பிறமொழி உரைநடை நூலுக்குப் பொருத்துதல் தகுமோ எனின், இலக்கணத்தை அன்று, அது காட்டும் நோக்கினையே கொள்கின்றோம் என்க.

டக்ளஸின் நூலில் கடல் தற்செயலாக வருவதன்று. 1834இல் அவர் கொடியவன் ஒருவனது பண்ணையில் உழைத்தார். அப்பண்ணை செசபீக் விரிகுடாவின் அருகே இருந்தது. ஓய்வுநாளில் கரையில் நின்று வெண்பாய் விரித்துச் செல்லும் கலங்களை விளித்து அவர் புலம்பும் பகுதி நூலின் உயிர்நாடி எனலாம். கட்டற்றுச் செல்லும் மரக்கலமும் கட்டுண்டு நிற்கும் மனிதனும் அங்கே எதிரெதிர் வைக்கப்படுகின்றனர். 1836இல் அவரும் தோழர் சிலரும் தோணியொன்றைக் கைப்பற்றி அவ்விரிகுடா வழியே வடக்கே செல்லத் திட்டமிட்டனர். செய்தி வெளிப்பட்டமையால் சிறைப்பட்டனர். பின்னர் அவர் பால்டிமோர் நகரில், கப்பற் பலகைகளின் இடைவெளியை அடைக்கும் கலப்பற்றுத் தொழில் பயின்றார். இங்ஙனம் கடலை நோக்கியே நம்மை அழைத்துச் சென்ற ஆசிரியர், தப்பும் இடத்தில் வாய் திறவாது நின்றுவிடுகின்றார்.

அதற்கு அவரே இரு காரணங்கள் காட்டுகின்றார். வழியைக் கூறின் உதவியோர்க்குத் துன்பம் நேரும். அடிமைகளை உடையோர் விழிப்புற்று அவ்வழியை அடைத்துவிடுவர். 'கேட்போர்' என்பதும் தொல்காப்பியர் கூறும் உறுப்புகளுள் ஒன்றாதல் இங்கு நினைக்கத்தக்கது. டக்ளஸின் நூலைக் கேட்போர் இருதிறத்தர்: அடிமை முறையை ஒழிக்க விழைந்தோர் ஒருசாரார், அம்முறையால் வாழ்ந்தோர் மற்றொரு சாரார். முன்னவர்க்குச் சுவை பயக்கும் செய்தியே பின்னவர்க்குக் கருவியாகும். ஆதலின், சொல்லாமையே அங்கு அறமாயிற்று.

அவ்வெச்சம் 1881இல் சொல்லால் முடிந்தது. அடிமை முறை 1865இல் ஒழிந்துவிட்டமையின், அப்போது மறைத்தற்கு இன்றியமையாமை இல்லை. அவர் கடலோடியின் கோலம் பூண்டு, தம்மினும் கருநிறத்தராகிய ஒரு கடலோடியின் சான்றிதழைக் கடன் பெற்றுப் புகைவண்டி ஏறினார். கழுகு முத்திரை பொறித்த அத்தாளைக் கண்ட அளவிலே நடத்துநர் அமைந்தார். அங்க அடையாளங்களை ஒப்பிட்டிலர். சஸ்குவேஹானா ஆற்றை ஓடத்தாற் கடந்து, வில்மிங்டனிலிருந்து நீராவிக் கப்பலிற் பிலடெல்பியா சேர்ந்து, 24 மணி நேரத்திற்குள் நியூயார்க்கை அடைந்தார். வழியின் பெரும்பகுதி நிலமே. எனினும் அவரைக் காத்தவை கடலோடியின் உடையும், கப்பல் தளத்திற் கற்ற பேச்சும், அச்சான்றிதழுமே. 1845இல் எழுந்த புலம்பலின் பொருள் இங்கே நிறைவுறுகின்றது.

இதனோடு ஹாரியட் ஜேக்கப்ஸ் அம்மையார் 1861இல் வெளியிட்ட நூலை ஒப்பிடுதல் பயன் தரும். வட கரோலினாவைச் சேர்ந்த ஈடன்டன் என்னும் துறைமுக ஊரில், தம் பாட்டியின் வீட்டை ஒட்டிய சிற்றறையின் கூரைக்கடியில் அவர் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்தார். அவ்விடம் 9 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையது. உயரமோ மிகுந்த இடத்தும் 3 அடியே. 1842இல் கப்பலேறிப் பிலடெல்பியா சேர்ந்தார். டக்ளஸ் பெயர்களைக் கூறி வழியை மறைத்தார். இவரோ கப்பற் பயணத்தைக் கூறிப் பெயர்களை மறைத்தார். தம்மையும் 'லிண்டா பிரென்ட்' என்றே குறித்தார். அதன் விளைவு வருந்தத்தக்கது. பதிப்பித்த லிடியா மரியா சைல்ட் அம்மையாரே புனைந்த கதை இது என நெடுங்காலம் பலர் கருதினர். ஜீன் ஃபேகன் யெல்லின் கடிதச் சான்றுகளைக் கொண்டு 1980களில் உண்மையை நிறுவிய பின்னரே நூல் அதன் ஆசிரியர்க்கு உரியதாயிற்று.

பெயரை மறைத்தது பிறரையும் தம்மையும் காத்தற்பொருட்டு. அக்காப்பினையே பொய்ம்மைக்குச் சான்றாகக் கொண்டது ஆராய்ச்சியாளர் பிழையாகும். டக்ளஸின் 1881ஆம் ஆண்டுக் கூற்று சுவை மிக்கதேனும், 1845இன் சொல்லாமைக்குள்ள ஆற்றல் அதற்கில்லை. அவ்வழியே இனி வரவேண்டியோர் உளர் என்பதை அச்சொல்லாமையே உணர்த்திற்று. ஆகவே இத்தகைய நூல்களில் எஞ்சி நிற்பதைக் குறையெனக் கொள்ளுமுன், அஃது யாரைக் காத்து நிற்கின்றது என ஆராய்தல் திறனாய்வாளர் கடன் என்பது துணிபு.