பேராலயத்தின் உள்ளிருளும் காமிராவும்

மத்தியகாலத்தில் கன்னியர் மடமாக விளங்கிய லேகாக் மாளிகையின் சாளரமொன்றை, 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தபால்தலையளவே உள்ள காகிதத் துண்டில் பதித்த ஆங்கிலேயப் புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நோக்கினால் அதன் ஏறக்குறைய 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ணிவிடலாம் என்று பெருமிதத்தோடு குறித்துவைத்தார். படத்தில் சாளரம் விழுந்தது, அது ஒளியூட்டிய அறை விழவில்லை. பேராலயங்களின் உட்புறத்தைப் படம்பிடிக்கப் பின்னர் முயன்ற அனைவரையும் வருத்திய சங்கடம் அதுவே. ஆகையால் அவர்களுடைய படங்களை மதிப்பிடுகையில், சாளரத்தின் தெளிவை அன்று, எதிரேயுள்ள தூணின் நிழற்புறத்தில் கல்லோடு கல் பொருந்திய கோடு தெரிகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் குழு 1851-இல் நாடெங்கும் அனுப்பிய ஐந்து புகைப்படக்காரருள், லெ செக் முதலியோர், புனருத்தாரணத்திற்கு வேண்டிய ஆதாரங்களைத் திரட்டுவதே பணியாதலின், பெரும்பாலும் வாயில்களிலும் சிற்பங்களிலும் நின்றுவிட்டனர். பால்டூஸ் மட்டும் ஆர்ல் நகரத்துச் செயின்ட் ட்ரோஃபீம் ஆலயத்தின் திருச்சுற்று மண்டபத்துள் நுழைந்து, முற்றத்து வெயிலும் விதானத்து இருளும் ஒரே நெகட்டிவில் அடங்காமை கண்டு, சுமார் பத்துக் காகித நெகட்டிவுகளைத் தனித்தனியே எடுத்து, வெட்டி ஒட்டி, இணைப்புகளைத் தூரிகையால் மறைத்தார். அவ்வேலைப்பாட்டை வஞ்சனையென்று தள்ள என் மனம் ஒப்பாது. கண்ணும் அப்படித்தானே, இருளில் ஒரு கணமும் வெயிலில் ஒரு கணமுமாகத் தங்கி மண்டபத்தை நிறைவு செய்துகொள்கிறது?

ஆங்கிலேய மரபின் துன்பம் வேறு. ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட கொலோடியன் முறையில், பூசிய கண்ணாடித் தகடு ஈரம் உலருமுன் படம் பதிந்து கழுவப்பட்டாக வேண்டும். ஆலயத்தின் மங்கலோ நீண்ட நேரத்தைக் கேட்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று 1858-இல் சாலிஸ்பரிப் பேராலயத்தின் உட்கூடத்தைப் பதித்த ரோஜர் ஃபென்டனின் தீரத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். நீலத்துக்கே பெரிதும் இசைந்த அக்காலத் தகடுகளில், வர்ணச் சாளரத்தின் நீலம் வெளிறியது, செம்மை கறுத்தது. தகட்டை ஊடுருவிய ஒளி அதன் பின்பரப்பில் மோதித் திரும்பி, சாளரத்தைச் சுற்றிப் பனிமூட்டமெனக் கசிந்தது. தகட்டின் பின்புறத்தில் கருகிய சர்க்கரைப்பாகும் சாயமும் கலந்து பூசுவது பிற்காலத்தார் கைக்கொண்ட பரிகாரம்.

லண்டனில் புத்தக வியாபாரியாயிருந்து 1898-இல் கடையைத் துறந்த ஃபிரெடெரிக் எவன்ஸ், இவ்வுபாயங்களோடு பொறுமையையும் சேர்த்தார். ஒரே ஆலயத்தில் வாரக்கணக்கில் தங்கி, எத்தூணில் எந்நேரம் ஒளி படுமென்று ஆராய்ந்து, கூடத்தின் நாற்காலிகளை அகற்றச் செய்து, நெகட்டிவில் தூரிகை படவிடாமல் அவர் எடுத்தவற்றுள், வெல்ஸ் பேராலயத்தில் 1903-இல் எடுத்த ‘படிகளின் கடல்’ தலையாயது. நூற்றாண்டுகளாக மிதிபட்டுக் குழிந்த படிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அலையெழுந்து, ஒரு கிளை வலப்புறம் திரும்பி வளைவாயிலுள் ஏறிச் செல்ல, ஒவ்வொரு குழிவின் நிழலிலும் கல்லின் சொரசொரப்பு தெரிகிறது. பசையேடு ஏதுமின்றித் தாளின் நாரிலேயே உருவம் படியும் பிளாட்டினப் பிரதிக்கன்றி வேறெதற்கும் அம்மென்மை வாய்க்காது. முதல் உலகப் போரையொட்டி அத்தாளின் விலை ஏறி, கிடைப்பதே அரிதானபோது, வேறு தாளில் தம் ஆலயங்களைக் காண மனமின்றி, எவன்ஸ் காமிராவையே கைவிட்டார்.