யார் சொன்னது? எப்படித் தெரியும்?

சரித்திரம் படிப்போர் பலர். அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே படிப்போர் சிலர். அந்தச் சிலரின் கையில் இன்று கொடுக்கப்படும் நூல்களும் குறிப்புகளும் எத்தகையன, அவை அவர்களை எதற்கு ஆயத்தப்படுத்துகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அரபு மத்ரஸாவில் ஓதியவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் வேலை உண்டா இல்லையா என்பதை முடிவில் வாசகரே தீர்மானிக்கட்டும்.

எங்கள் மஹல்லாவில் என்னிடம் குர்ஆன் ஓதிய பெண்ணொருத்தி, மூன்றாண்டுகள் பி.ஏ. வரலாறு படித்துத் தேறி, இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அவளுடைய அத்தா லாரிப் பட்டறை வைத்திருப்பவர். லாரியும் ரிக் வண்டியும் கோழிப்பண்ணையும் சோறு போடும் சீமை எங்களுடையது. மகள் வரலாறு படிக்கப்போகிறேன் என்றபோது, “செத்துப்போனவங்க கதை சோறு போடுமா, ஹஜ்ரத்?” என்று என்னிடம் வந்து கேட்டவர் அவர். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆகலாம் என்று நான்தான் எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்தேன். ஆகவே அவளுடைய படிப்பில் எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு.

பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சிக்கென 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதற்காகச் சங்ககிரிப் பக்கத்துப் பள்ளியொன்றுக்குச் சென்றிருந்தாள். மைசூர்ப் போர்களைப் பற்றிய பாடம். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், தீரன் சின்னமலை திப்புவுக்கு எதிரியா, கூட்டாளியா? எங்க தாத்தா எதிரின்னு சொல்றாரு. பேச்சுப் போட்டியில எங்கண்ணன் கூட்டாளின்னு பேசினான்” என்று கேட்டிருக்கிறான். வகுப்பில் சிலர் அவளுடைய முக்காட்டைப் பார்த்தார்களாம். “அது பரீட்சைக்கு வராது, உட்கார்” என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை என்னிடம் வந்தவள் சொன்ன வார்த்தை இது: “பதில் தெரியாததற்கு வெட்கப்படவில்லை, ஹஜ்ரத். அந்தப் பதிலை எங்கே, எப்படித் தேடுவது என்பதையே இத்தனை வருஷத்தில் நான் கற்கவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.”

அவளுடைய குறிப்பேடுகளையும், அச்சிட்டு விற்கப்படும் வினாவிடைப் புத்தகங்களையும் வாங்கிப் படித்தேன். இப்னு கல்தூனைப் பற்றி ஒரே வரி கண்டேன்: சமூகவியலின் முன்னோடி, முகத்திமா என்னும் நூலை இயற்றியவர் என்று. அந்நூல் எதைச் சொல்கிறது என்பதற்கு அரை வரிகூட இல்லை. பெயரும் நூலும் ஆண்டும் கோடிட்ட இடத்தை நிரப்பப் போதுமானவை. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்புவது வேறு, சரித்திரம் கற்பிப்பது வேறு.

குற்றம் அந்தப் பெண்ணுடையதன்று. அவள் ஏறவேண்டிய படிகளைப் பாருங்கள். மூன்றாண்டுப் பட்டம், அதன்மேல் பி.எட். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட்., 2015 முதல் ஈராண்டாயிற்று. அதன்பின் தகுதித் தேர்வு. 2012-இல் தமிழகத்தில் முதன்முறையாக நடத்தப்பட்ட இத்தேர்வின் இரண்டாம் தாள் 150 மதிப்பெண்களுக்கு உரியது. அதில் சமூக அறிவியலுக்கு 60. வேலை கிடைத்துப் பள்ளிக்குப் போனால் வரலாற்றோடு புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றையும் அவளே நடத்தவேண்டும். இத்தனையும் சுமப்பவள் குறுக்குவழி தேடுவதில் வியப்பென்ன? தகுதித் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் அச்சிட்டுத் தரப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைக் குறித்தால் போதும். வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை கேட்கும் கேள்விக்கோ நான்கு விடைகள் அச்சாகி வருவதில்லை!

இப்படிப்பில் காலப்பகுப்பு எவ்வாறு வந்தது என்பதையும் நோக்கவேண்டும். 1817-இல் ஜேம்ஸ் மில் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இந்திய வரலாற்றை எழுதி வெளியிட்டார். அவர் இந்நாட்டுக்கு ஒருநாளும் வந்தவரல்லர். இந்நாட்டு மொழி ஒன்றும் அறிந்தவரல்லர். அவர் நூலிலிருந்து பரவியதே இந்துக்கள் காலம், முஸ்லிம்கள் காலம், பிரிட்டிஷார் காலம் என்னும் முப்பகுப்பு. முதலிரண்டுக்கும் மதத்தின் பெயர். மூன்றாவதற்கு மட்டும் நாட்டின் பெயர்! பண்டைய, இடைக்கால, நவீன என்று இன்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறினாலும் எல்லைக்கற்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

அவருக்குப் பின் வந்தவர் எலியட். பாரசீக வரலாற்று நூல்களிலிருந்து அவர் தொகுத்த பகுதிகளை டௌசன் என்பவர் பதிப்பித்து, 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். இந்திய வரலாற்றை அதன் வரலாற்றாசிரியர்களே கூறுவதாக அதற்குத் தலைப்பு. கூறுபவர் அவர்களே, ஆயின் எதைக் கூறவேண்டும் எனத் தேர்ந்தவர் எலியட். தமக்கு முந்திய ஆட்சிகளின் கொடுமையைக் காட்டினால் கும்பெனி ஆட்சியின் அருமை இந்நாட்டாருக்குப் புலப்படும் என்ற நோக்கத்தை அவர் ஒளித்து வைக்கவுமில்லை. இந்தத் தொகுதிகளில் மலிந்திருந்த பிழைகளை வரி வரியாகத் திருத்தி 1939-இல் பெருநூல் வெளியிட்டவர் ஹோடிவாலா என்னும் பார்ஸி அறிஞர். முஸ்லிம் மன்னர்களைப் பற்றிய மூலங்களைச் செம்மை செய்ய ஒரு பார்ஸி பெரியவர் தம் முதுமையைச் செலவிட்டார் என்பதை நாம் நன்றியுடன் நினைக்கவேண்டும். உண்மையைத் தேடுவோர்க்குச் சமயம் தடையன்று.

இவ்வளவும் பிறரைப் பற்றிய விமர்சனம். நம் வீட்டை நோக்கித் திரும்புவோம்.

நம் மேடைகளிலும் ஏடுகளிலும் வரலாறு என்ற பெயரால் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? பெருமைப் பட்டியல் போடுகிறோம். திப்பு தொழுத இடம் என்று ஊருக்கு ஊர் ஒரு பள்ளிவாசலைக் காட்டுகிறோம். எந்த ஆண்டில், யார் கண்டு எழுதியது என்று கேட்டால் முகம் சுளிக்கிறோம். மில் நம்மை இகழ்ந்து எழுதியதை மறுக்கச் சான்று தேடும் நாம், நம்மைப் புகழ்ந்து எழுதப்பட்டதற்குச் சான்று தேடுவதில்லை. இது நேர்மையாகுமா?

செய்தி கொண்டுவருபவன் நம்பத்தகாதவனாயின் அதை விசாரித்துத் தெளியாமல் ஏற்காதீர் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்றும் எச்சரிக்கிறது. இந்தப் பணிப்பை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை இமாம்கள். ஒரு நபிமொழி ஸஹீஹ் எனப்பட ஐந்து நிபந்தனைகள் வைத்தார்கள். அறிவிப்பாளர் தொடர் அறுபடாதிருத்தல், ஒவ்வொரு ராவியும் நேர்மையாளராயிருத்தல், நினைவாற்றலில் உறுதியுடையவராயிருத்தல், தம்மினும் நம்பகமானவருக்கு முரண்படாதிருத்தல், மறைந்த குறை எதுவும் இல்லாதிருத்தல் என்பனவே அவை. மத்ரஸாவில் ஓதும் பதினெட்டு வயதுப் பையன் இவற்றை மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் இதே அளவுகோலைச் சங்ககிரிக் கோட்டைக் கதைமீது வைத்துப் பார்க்கலாம் என்று அவனுக்கு நாங்கள் சொல்லித் தந்ததில்லை. இது எங்கள் தரப்புக் குறை, ஒப்புக்கொள்கிறேன்.

வரலாற்றுக்கு இந்த அளவுகோல் ஒன்றே போதுமா? போதாது. அதைச் சொன்னவரும் நம்மவரே. இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலின் முன்னுரையில், தமக்கு வந்த செய்திகளை வந்தவாறே தருவதாகவும், அவற்றில் ஏற்கமுடியாதது இருந்தால் அது அறிவித்தவரிடமிருந்து வந்ததேயன்றித் தம்மிடமிருந்து தோன்றியதன்று என்றும் வாசகரை எச்சரித்தார். இப்னு கல்தூன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1377-இல் எழுதி முடித்த முகத்திமாவில் அவர் வைத்த கேள்வி இது: சொன்னவர் நல்லவரா என்று ஆராயுமுன், சொன்ன காரியம் நடக்கக்கூடியதா என்று பார்க்கவேண்டாமா? மூஸா நபியின் காலத்தில் இஸ்ரவேலரின் படை ஆறு இலட்சம் என்று மஸ்ஊதீ முதலியோர் எழுதியதை எடுத்துக்கொண்டார். யஃகூப் நபியின் குடும்பம் சில தலைமுறைகளில் இத்தனை பேராகப் பெருகுமா? அத்தனை பெரிய படையை அந்த நாடுகள் தாங்குமா? அணிவகுத்து நின்றால் ஒரு கோடியில் நடப்பது மறு கோடிக்குத் தெரியுமா? இவ்வாறு கணக்குப் போட்டு அதை மறுத்தார். எண்ணிக்கையைக் கேட்டவுடன் வியக்காமல் கணக்குப் போடு என்பதே அவர் கற்பித்த பாடம். தாம் வகுத்த விதியைத் தமது பெரிய வரலாற்று நூலில் அவரே முழுதும் கடைப்பிடிக்கவில்லை என்று அறிஞர்கள் குறை கூறியதுண்டு. அக்குறை உண்மையே. அதனால் விதி பழுதாகிவிடாது.

அந்தப் பெண்ணும் நானும் இவ்விரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனின் கேள்விக்குத் திரும்பினோம். முதலில் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதினோம். சின்னமலை பிறந்தது 1756. ஹைதர் அலி மறைந்தது 1782. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை 1792. திப்பு வீழ்ந்தது 1799. சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. இவற்றை எழுதியவுடனேயே பாதி இருள் விலகிற்று. காவிரிக்கு இக்கரையில் உள்ள சங்ககிரி 1792-இலேயே கும்பெனியின் கைக்குப் போயிற்று. அக்கரையில் சின்னமலையின் ஓடாநிலை இருந்த நாடு 1799 வரை மைசூரின் கீழ் இருந்தது. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை அவர் வழிமறித்தார் என்பது ஒரு கதை. திப்புவுக்குத் துணையாகப் படை கொண்டு சென்றார் என்பது மற்றொரு கதை. ஒன்று மெய்யானால் மற்றது பொய் என்று கொள்ளத் தேவையில்லை. இரண்டும் ஒரே காலத்துச் செய்திகளா? இளமையில் வரி கேட்டவனை எதிர்த்த பாளையக்காரர், பின்னர் அவனினும் பெரிய பகைவன் ஆற்றுக்கு அக்கரை வரை வந்துவிட்டபோது அவனோடு சேர்வது உலகில் நடவாத காரியமா? இது நடக்கக்கூடியது என்பது வரையில்தான் இப்னு கல்தூனின் அளவுகோல் நம்மைக் கொண்டுவந்து விடும். நடந்ததா என்பதற்கு ராவிகளை ஆராயவேண்டும்.

ராவிகள் யார்? வாய்மொழிக் கதை சொல்வோர் ஒரு பக்கம். அவர்கள் நேசத்தால் சொல்கிறார்கள். கும்பெனி அதிகாரிகளின் ஆவணங்கள் மறுபக்கம். அவர்கள் தூக்கிலிட்ட தரப்பார். 1792 முதல் இப்பகுதியைக் கணக்கெடுத்த ரீட், மன்றோ ஆகியோரின் காலத்துப் பாரமகால் ஆவணங்கள் உள்ளன. 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு உள்ளது. 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஸட்டியர் உள்ளது. இவற்றின் பெயரைக்கூட அந்தப் பெண் இத்தனை ஆண்டுப் படிப்பில் கேட்டதில்லை என்றாள்! நெப்போலியனின் போர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் ஊரின் கெஸட்டியர் தெரியவில்லை. நாமக்கல் மலையைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறாள். அதன் குடைவரையில் ஒரு கல்வெட்டு இருப்பது தெரியவில்லை. இதுவே இப்படிப்பின்மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

இதைவிடக் கடினமான சோதனையும் எங்கள் ஊரிலேயே உண்டு. 1882-இல் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் நடந்தது. கோயில் ஊர்வலப் பாதையில் இருந்த பள்ளிவாசலை ஒட்டி எழுந்த பிணக்கு அது. அதைத் தூண்டினார் என்று நகராட்சி உறுப்பினர் சி. விஜயராகவாச்சாரியார்மீது வழக்குத் தொடர்ந்து பத்தாண்டுத் தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில் 1920-இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இதை வகுப்பில் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தெருவில் கேட்டுக்கொள்வார்கள். தெரு கற்பிக்கும் சரித்திரத்துக்கு ஸனதும் இல்லை, மத்னும் நேராயிராது. நம் சமூகத்தார் பாதிக்கப்பட்டதை மட்டும் சொன்னால், குற்றமற்றவரென விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு அநீதி செய்தவராவோம். அவர் விடுதலையை மட்டும் சொன்னால், தொழுகையிடத்தை இழந்தோரின் துயரை மறைத்தவராவோம். இரண்டையும், யார் சொன்னது என்ற கேள்வியோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

வேறொரு ஆசிரியர் சொன்னால் பாடமாகக் கேட்கப்படுவது, நம் பெண் சொன்னால் அவளுடைய பெயரோடும் முக்காட்டோடும் சேர்த்தே கேட்கப்படும். ஜர்ஹு, தஃதீல் கலையில் ராவியை எடைபோடுவது போல, பிள்ளைகள் முதலில் அவளையே எடைபோடுவார்கள். அது அநீதி என்று அழுது பயனில்லை. தன் தரப்புக்குப் பாதகமான சான்றையும் தானே எடுத்து வைப்பவள் என்று அவர்கள் ஒருமுறை கண்டுகொண்டால் அதன்பின் அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அதை எந்தத் தகுதித் தேர்வும் தரமுடியாது. முறையான கல்வி தரும்.

அடுத்த வாரம் அவள் அதே வகுப்புக்குச் சென்று, “அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அது கேட்கவேண்டிய கேள்விதான்” என்று அந்தப் பையனிடம் சொன்னாளாம். ஐந்து ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, இரண்டு கதைகளையும் சொல்லி, ஒவ்வொன்றையும் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று அவர்களையே கேட்கச் சொன்னாளாம். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை என்றாள். முடிவான விடை கிடைத்ததா என்று கேட்டேன். “இல்லை, ஹஜ்ரத். தாத்தாவிடம் அவருக்கு யார் சொன்னது என்று கேட்டு வருகிறேன் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போனான்” என்றாள். எனக்கு அதுவே போதும்.

வரலாறு சோறு போடுமா என்று கேட்ட அவளுடைய அத்தாவுக்கும், அவரைப்போல் கேட்கும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர் சம்பளம் சோறு போடும். அது சிறிய பதில். நம் பிள்ளைகளும் பிறர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பறையில் பொய்யான செய்தி நுழையாமல் காக்க ஆள் வேண்டும் என்பதே பெரிய பதில். அல்ஹுஜுராத் வசனம் அஞ்சச் சொன்ன வருத்தம் நமக்கு நேராதிருக்க, அந்த ஆளை நம் வீட்டிலிருந்தும் அனுப்புவோம். அனுப்பும்போது வினாவிடைப் புத்தகத்தோடு முகத்திமாவையும் கெஸட்டியரையும் கையில் கொடுத்து அனுப்புவோம்.