பார்வையற்றோர் கணினியில் கிளிப்போர்டும் குறிப்பேடும்: கெமாஸ் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கணினியில் தேர்ந்தெடுத்த உரையை இன்னோர் இடத்தில் ஒட்டும்வரை தற்காலிகமாகத் தாங்கி நிற்கும் நினைவகப் பகுதி கிளிப்போர்டு எனப்படுகிறது. 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்னும் உரைத்தொகுப்பிக்காக வெட்டி ஒட்டும் முறையை வகுத்த காலந்தொட்டு இப்பகுதி பெரும்பாலும் ஓசையற்றதாகவும் ஒரே ஒரு பொருளை மட்டும் வைத்திருப்பதாகவும் இருந்துவந்துள்ளது. பார்வையுள்ளவர், தேர்ந்தெடுத்த வரிகள் நிறம் மாறுவதைக் கண்டு நகலெடுப்பதால் இந்த ஓசையின்மை அவருக்கு உறைப்பதில்லை. பார்வையற்றவருக்கோ உரை உள்ளே சேர்ந்ததா, முன்பிருந்தது அழிந்துபோயிற்றா என்பவை ஒட்டிப் பார்த்த பிறகே தெரியவருகின்றன.

இக்குறையைப் போக்கும் கருவிகளைக் கெமாஸ் போன்ற ஊரை மனத்தில் வைத்து எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தம்பின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி, தும்பாட் நோக்கிச் செல்லும் கிழக்குக் கரை ரயில்பாதை பிரியும் சந்திப்பாகவும் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தின் கடைத்தெருவாகவும் விளங்கும் இவ்வூரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் கைக்கு வரும் எழுத்து மும்மொழியில் அமைகிறது: அரசுக் கடிதம் மலாயில், கோயில் திருவிழா அறிவிப்பு தமிழில், மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில். கணினிப் பயிற்சிக்கு வழி இல்லாமலில்லை. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரலுக்கு அருகிலேயே இருக்கிறது, கெமாஸிலிருந்து இடிஎஸ் ரயில் அந்நிலையத்துக்கே செல்கிறது. ஆனால் பயிற்சி முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பியவர், ஐயம் எழும்போது கேட்க அருகில் ஆளில்லாமல் தனித்தே கணினியை இயக்க வேண்டியிருப்பதால், தான் என்ன செய்தது என்பதைத் தானே எடுத்துச் சொல்லும் கருவிதான் அவருக்குப் பயன்படும். இம்மதிப்பீட்டின் உரைகல் அதுவே.

திரைவாசிப்பான் என்பது திரையிலுள்ளதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள். 1989இல் டெட் ஹென்டர் வெளிக்கொணர்ந்த ஜாஸ் இத்துறையில் மூத்தவற்றுள் ஒன்று. நகலெடுத்ததை அறிவிப்பதும், இருக்கும் உரையோடு புதியதைச் சேர்ப்பதும் அதில் உள்ளமைந்தே வருகின்றன, ஆனால் அதன் விலை தோட்டத்துச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி ஜேம்ஸ் டெ இணைந்து வளர்த்த என்விடிஏ இலவசமானது, திறந்த மூலநிரல் கொண்டது, தமிழ் இடைமுகமும் உடையது. இருவரும் பார்வையற்றவர்கள் என்பது அதன் கட்டளைகளின் சிக்கனத்தில் வெளிப்படுகிறது. என்விடிஏ விசையாகப் பயன்படும் இன்சர்ட்டுடன் சி எழுத்தை அழுத்தினால் கிளிப்போர்டிலுள்ள உரை வாசிக்கப்படுகிறது. உரை மிக நீண்டிருந்தால் அது எத்தனை குறிகளைக் கொண்டது என்ற எண் மட்டும் சொல்லப்படுகிறது. அந்த எண்ணைத் தமிழர் அப்படியே நம்பிவிடலாகாது, ஏனெனில் மென்பொருள் எண்ணுவது யூனிகோடு குறியிடங்களை. நான்கு எழுத்துள்ள 'மலேசியா' அதன் கணக்கில் ஏழாகிறது. வழக்கமான முறையில் தேர்ந்தெடுக்க இயலாத பிழைச்செய்தி போன்றவற்றையும், தொடக்கத்தில் என்விடிஏ விசையுடன் எஃப்9ஐ அழுத்திக் குறியிட்டு, முடிவில் அதே விசையுடன் எஃப்10ஐ இருமுறை அழுத்தி நகலெடுக்க முடிகிறது. இவ்வளவு வசதி செய்தவர்கள், கண்ட்ரோலுடன் சி அழுத்தும் சாதாரண நகலெடுப்பின்போது மட்டும் மென்பொருளை வாய்மூடி இருக்க விட்டது வியப்புக்குரியது; அக்குறையைத் தீர்க்க கிளிப்ஸ்பீக் என்னும் நீட்சியை, அதாவது மூலமென்பொருளோடு சேர்த்து நிறுவும் துணைநிரலை, நாட வேண்டியிருக்கிறது.

நீட்சிகளுள் தனித்துப் பேச வேண்டியது, ஸ்பெயினைச் சேர்ந்த நோயெலியா ரூயிஸ் உருவாக்கிய கிளிப் கண்டென்ட்ஸ் டிசைனர். சாதாரண நகலெடுப்பு முந்தைய உரையை அழித்துவிட்டுப் புதியதை வைக்க, இது முந்தையதன் பின்னேயோ முன்னேயோ புதியதைச் சேர்த்துவைக்கிறது. இரண்டுக்கும் நடுவே வரவேண்டிய பிரிப்புக்குறியைப் பயனரே வரையறுக்கலாம், அழிக்கும் முன் உறுதி கேட்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். நலத்துறைக் கடிதமொன்றிலிருந்து தேதியையும், கோப்பு எண்ணையும், அலுவலக முகவரியையும் தனித்தனியே பொறுக்கி ஒரே தொகுப்பாகக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டியவருக்கு, இந்நீட்சி இல்லையெனில் ஒவ்வொன்றுக்கும் சாளரம் மாறி, விட்ட இடத்தைத் தேடித் திரும்ப நேர்கிறது. பார்வையுள்ளவர் ஒரு கணத்தில் கண்ணை ஓட்டிக் கண்டுபிடிக்கும் அந்த இடத்தைச் செவியால் தேடுவோர் வரிவரியாகக் கேட்டே அடைய வேண்டும் என்பதை எண்ணினால், இங்கே மிச்சமாவது வேலையின் பெரும்பகுதி என்பது புலனாகும். சேர்த்தவற்றைத் தனிச் சாளரத்தில் திறந்து வரிவரியாகச் சரிபார்க்கும் வசதியும் இதில் உண்டு. விசைச்சேர்க்கைகள் மூன்று விரல்களைக் கோருவது குறைதான். எனினும் என்விடிஏயின் உள்ளீட்டுச் சைகைகள் உரையாடல் பெட்டியில் அவற்றை மாற்றிக்கொள்ள முடிவதால் அது தாங்கக்கூடிய குறை.

விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் கிளிப்போர்டு வரலாறு, விண்டோஸ் விசையுடன் வி அழுத்தத் திறந்து, இறுதியாக நகலெடுத்த 25 உருப்படிகள் வரை காட்டுகிறது. அம்புக்குறிகளால் ஒவ்வொன்றாகக் கேட்டு எண்டர் விசையால் ஒட்டலாம். கணினியை அணைத்து மீண்டும் தொடங்கினால் பொருத்திவைத்தவை மட்டும் எஞ்சுகின்றன. ஒரே தொடக்கச் சொற்களை உடைய உருப்படிகள் பல இருக்கையில் வேறுபாடு காதுக்கு எட்டத் தாமதமாவதால், இது தொகுப்பதற்கு ஏற்றதன்று, தவறிப்போனதை மீட்பதற்கு ஏற்றது.

எல்லாக் கருவிகளும் தடுமாறும் இடம் மொழி. இணையப் பக்கத்தில் எந்தப் பகுதி எம்மொழி என்ற குறிப்பு உள்ளே பொதிந்திருந்தால் அதற்கேற்பக் குரலை மாற்றிக்கொள்ளும் திரைவாசிப்பான், வெற்றுரையாகக் கிளிப்போர்டுக்குள் வந்தவுடன் அக்குறிப்பு உதிர்ந்துவிடுவதால் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிக்கிறது. என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறியின் தமிழ்க்குரல், ரோமன் எழுத்தைக் கண்டால் ஆங்கில ஒலிப்புக்குத் தாவுகிறது. மலாய்ச் சொற்கள் சிதைவது அதனால்தான். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூரியா என்ற குரல்கள் இருந்தாலும், விண்டோஸில் நிறுவி இணையமின்றிப் பயன்படுத்தத்தக்கது வள்ளுவர் என்ற இந்தியத் தமிழ்க்குரலே. விசையழுத்திய நொடியில் பேசத் தொடங்குவதில் ஈஸ்பீக்கை விஞ்சுவது அரிது என்பதால், அதன் இயந்திரத்தன்மையைப் பொறுத்துக்கொண்டு, குறிப்பெடுக்க ஈஸ்பீக்கையும் நீண்ட வாசிப்புக்கு வள்ளுவரையும் வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடக் கடுமையானது பழைய எழுத்துருக்களின் தொல்லை. யூனிகோடுக்கு முற்பட்ட பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு ஆங்கில எழுத்துகளாகவும் இருப்பதால், நகலெடுத்தவுடன் பொருளற்ற எழுத்துக்கூட்டமாகவே ஒலிக்கின்றன. எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிய பிறகே பயன்படும். யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு: 'கொ' என்பதை ஒகரக்குறி ஒன்றாலும் குறிக்கலாம், எகரக்குறியையும் கால்குறியையும் அடுத்தடுத்து இட்டும் குறிக்கலாம், ஒலியில் வேறுபாடில்லை, ஆனால் குறியிடங்களை மட்டும் ஒப்பிடும் தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது கிட்டாது. எழுத்துப் பிழையில்லாத குறிப்பு தேடலில் அகப்படாமல் போனால் முதலில் ஐயுற வேண்டியது இதையே.

குறிப்பெடுக்கும் செயலிகளைப் பொறுத்தவரை, பெட்டிகளும் தாவல்களும் நிறைந்த பெருஞ்செயலிகளைக் காட்டிலும் விண்டோஸின் நோட்பேட் மேலானது என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது. பழைய பதிப்புகளில் தமிழைக் கவனமின்றிச் சேமித்தால் கேள்விக்குறிகளாகிவிடும் இடர் இருந்தது. விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 இயல்பாக்கப்பட்டதால் அது நீங்கிற்று. எஃப்5 விசை நேரத்தையும் தேதியையும் இடுகிறது. கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியையும் எல், ஓ, ஜி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் எழுதிச் சேமித்தால், அக்கோப்பு திறக்கப்படும்போதெல்லாம் அன்றைய தேதி இறுதியில் தானே பதிவாகிறது. மருந்துக் கணக்கோ செலவுக் கணக்கோ எழுதுவோருக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. தமிழ் உள்ளீட்டுக்கு 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சலோ, தமிழ்99 விசைமுறையோ போதும். முன்னது ஆங்கில விசைகளின் ஒலியைத் தழுவுவதால் விரைவில் படிகிறது. 1987இன் பிரெய்ல் அண்ட் ஸ்பீக் தொடங்கி வளர்ந்த தனிக் குறிப்புக் கருவிகள் அருமையானவையே, ஆனால் அவற்றின் விலைக்கு ஒரு நல்ல மடிக்கணினியே வாங்கிவிடலாம்.

சொந்தக் கணினி இல்லாதோர் என்விடிஏயை நீட்சிகளோடு பென்டிரைவில் கையடக்கப் பிரதியாக அமைத்து, சமூக இணைய மையத்துக் கணினியில் நிறுவாமலேயே இயக்கலாம். அவ்வாறு செய்வோர் இருக்கையை விட்டு எழுமுன் விண்டோஸுடன் வி அழுத்தி வரலாற்றைத் துடைத்துவிடுதல் கட்டாயம்: மைகாட் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கடவுச்சொல்லும் அப்பட்டியலில் கிடந்தால், அடுத்து அமர்பவரின் திரையில் அவை வெளிப்படையாகத் தெரியும்.